லண்டனுக்குப் போன சாம்பிள்

காப்பி விஷயத்தில் நம் அப்பாக்களைப் போல அலட்டிக்கொண்டவர்கள் இந்த நாட்டில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பித்தளை ஃபில்டர், அதற்குள் மைசூர்த் தூள், சிக்கரி எவ்வளவு சேரலாம் என்று தினமும் ஒரு வாக்குவாதம், முதல் டிகாஷன் யாருக்கு என்று ஒரு மரியாதை வரிசை. வாங்கியதென்னவோ ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணிச் சம்பளம்தான். ஆனால் டம்ளரை உயர்த்தி ஆற்றும்போது பார்க்க வேண்டுமே, ஏதோ சமஸ்தானமே கையில் இருப்பதுபோல ஒரு பாவனை!

முனையிலிருந்த சீனர் கடைக் காப்பியை அப்பா கரித்தண்ணி என்பார். லோரிக்காரர்களும் தோட்டத்து ஆட்களும் குடிப்பது, நமக்கு ஆகாது என்பார். அந்தக் கரித்தண்ணிக்கு வேண்டிய கொட்டை அவருடைய சொந்தத் தங்கையின் நிலத்தில்தான் காய்த்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அத்தை வருடத்துக்கு இரண்டு தடவை கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து ஒரு பால்டின் நிறையத் தூள் கொடுத்துவிட்டுப் போவார். “வெச்சிட்டுப் போம்மா” என்பார் அப்பா. மறுநாள் அது துணியெடுக்க வரும் டோபிக்குப் போய்விடும்.

இப்போது நீங்களெல்லாம் பேரப்பிள்ளைகள் கூட்டிப்போகும் குளுகுளு கடைகளில் அதே கிள்ளான் காப்பியைக் குடித்துவிட்டு, பலாப்பழ வாசனை வருகிறது என்று எனக்குப் படம் அனுப்புகிறீர்கள். விவசாயிக்கு நியாய விலை கொடுத்து வாங்கியது என்று பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறதாம். நல்லது. நியாய விலை வாங்கித் தரக் கிளம்பியவர்களை நான் பதினோரு வயதில், எங்கள் சாப்பாட்டு மேசையில், மிக அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் படங்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

அத்தை வீடு கிள்ளானைத் தாண்டிக் கடலோரப் பக்கம் இருந்தது. பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து மண் ரோட்டில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். நாலு ஏக்கர் நிலம். மேலே தென்னை, அதன் நிழலில் காப்பி, நடுநடுவே டீத்தண்ணி நிறத்தில் நீர் ஓடும் வாய்க்கால்கள். படங்களில் பார்க்கும் இடுப்பளவுச் செடி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மரங்கள் கூரை உயரத்துக்குப் போகும். நீளக் கம்பில் கொக்கி கட்டிக் கிளையை வளைத்துத்தான் பறிக்க வேண்டும். வளைத்த உடனே சிவப்பெறும்பு கழுத்தில் கொட்டும். பழம் பெரிய நெல்லிக்காய் அளவு. கடித்தால் தோல் தடிப்பாக இருக்கும், உள்ளே கொஞ்சூண்டு தித்திப்பு.

பறித்ததைத் தோலோடு சிமெண்டுத் தளத்தில் பரப்பி வாரக்கணக்கில் காயவைப்பார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு எல்லாரும் ஓட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க, அத்தை ஒரு பழத்தைக் காதோரம் வைத்து ஆட்டுவார். உள்ளே கொட்டை கலகலவென்றால் ஆயிற்று. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. அத்தையின் மகளுக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடிபட்டிருந்தது. அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட நாலு வயது பெரியவள்.

அந்த வருடம் அக்கா ஃபார்ம் த்ரீ பரீட்சை எழுத இருந்தாள். கணக்கில் புலி. லோரி ஓட்டிய மாமாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. சுங்கை வே ஃபேக்டரிகளுக்குப் பெண்பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிப்போகும் பஸ் அந்த ரோட்டு முனை வரைக்கும் வரத் தொடங்கியிருந்தது. பரீட்சை முடிந்ததும் மகளை அதில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

அத்தை ஒரே பேச்சில் முடித்தார். “இந்தப் பருவத்துக் காப்பி நல்ல வெலைக்குப் போச்சுன்னா அவ ஃபார்ம் ஃபோர் போறா. போகலன்னா நீங்க சொல்ற பஸ்ல ஏறட்டும். அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது.”

மாமா ஒத்துக்கொண்டார். அது எப்படியும் நல்ல விலைக்குப் போகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏனென்றால் வாங்குவதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். கிள்ளான் தவுக்கே, சீன முதலாளி. தோலுரித்துக் கட்டிய மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து, கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். பல் பதிந்தால் ஈரம் என்று பொருள், விலை குறையும். நான் பார்த்த ஒவ்வொரு தடவையும் பதிந்தது.

“ஆச்சி, மாசே பாசா லா” என்பார், இன்னும் ஈரமாம்.

“தவுக்கே, ஈரம் கொட்டையிலயா உன் வாயிலயான்னு பாரு” என்று அத்தை தமிழில், சிரித்த முகமாகச் சொல்வார். அவரும் சிரிப்பார். பிறகு அவர் சொன்ன விலைக்கே மூட்டைகள் போகும். அந்த ஆள் திருடன் என்றுதான் அப்போது நினைத்தேன். இன்றும் எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை.

இந்த அநியாயத்தை ஒழிக்கத்தான் சங்கம் வந்தது. காப்பி விளைவது கிள்ளானில், காப்பிக்காரர் சங்கம் ஆரம்பித்தது பிரிக்ஃபீல்ட்ஸில். தலைவர் ஏதோ ஓர் இலாகாவில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. டைப்ரைட்டர் வைத்திருந்ததால் அப்பா செயலாளர். கமிட்டியில் இருந்த ஏழு பேரில் ஒருவர்கூடக் காப்பி மரத்தை நேரில் பார்த்ததில்லை. முதல் மூன்று கூட்டங்களும் லெட்டர்ஹெட்டில் காப்பிக் கிளையை இடப்பக்கம் போடுவதா வலப்பக்கம் போடுவதா என்பதில் கழிந்தன. அம்மா உள்ளேயிருந்து வடை அனுப்பிக்கொண்டே இருந்தார்.

இத்தனைக்கும் யோசனையில் தப்பில்லை. எனக்கு எரிச்சலே அதுதான். வெளிநாட்டில் காப்பி விலை ஏறிக்கொண்டிருக்கிறது என்று பேப்பரில் வந்தது. கிள்ளானில் ஒரு காசு ஏறவில்லை. தவுக்கேயை விட்டுவிட்டு நேராக லண்டன் கம்பெனிக்கு விற்றால் என்ன என்று அப்பா கேட்டது சரியான கேள்வி. அவர் டைப் செய்த கடிதமும் அழகான கடிதம். கம்பெனி பதில் போட்டது. சாம்பிள் அனுப்புங்கள், பார்த்துவிட்டு விலை சொல்கிறோம் என்றது.

ஆகஸ்டு விடுமுறையில் நான் அத்தை வீட்டில் இருந்தபோது தலைவரும் அப்பாவும் மோரிஸ் மைனர் காரில் வந்திறங்கினார்கள். அத்தையும் பக்கத்து ஐந்து குடும்பங்களும் காயப்போடும் தளத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் பேசினார்.

“பழம் நல்லா செவந்திருக்கணும். செவப்பு மட்டும்தான் பறிக்கணும். அதுதான் இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட்.”

“எங்க பழம் முழுசா செவக்காதுங்க ஐயா” என்றார் அத்தை. “மஞ்சளும் செவப்புமா இருக்கும்போதே பழுத்துடும்.”

“பழம்னா செவக்கணும்மா” என்றார் தலைவர், மரத்துக்கும் சேர்த்து உத்தரவு போடுகிறவர் மாதிரி. யாரும் மறுத்துப் பேசவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவர் சொல்கிறார் அல்லவா.

அத்தை டின்பால் ஊற்றிக் காப்பி கலந்து கொடுத்தார். தலைவர் கிளாஸை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டு, “வயிறு சரியில்லம்மா” என்று கீழே வைத்தார். உடனே அப்பாவுக்கும் வயிறு சரியில்லாமல் போய்விட்டது. அந்தக் காப்பியை லண்டன்காரன் வாயில் ஊற்றப் போகிறவர்களுக்குத் தங்கள் வாயில் ஊற்றிக்கொள்ள மனமில்லை. அக்கா இரண்டு கிளாஸையும் உள்ளே எடுத்துப்போய் நின்றபடியே தானே குடித்தாள்.

சாம்பிளுக்காக அத்தை, அக்கா, நான் மூவரும் மூன்று நாள் உட்கார்ந்து பொறுக்கினோம். உடைந்தது, கறுத்தது, பூச்சி அரித்தது எல்லாம் போக நின்ற கொட்டைகளை அத்தை ஒரு பிஸ்கட் டின்னில், புது வெள்ளைத் துணி விரித்துக் கொட்டினார். மூடிமேல் ராணி ஒருத்தி குதிரை வண்டியில் போகும் படம். “பத்திரம் பாப்பா, அக்காவோட படிப்பு உள்ள இருக்கு” என்று என் மடியில் வைத்தார். கிள்ளான் ரயிலில் வழி முழுக்க அதைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். எதிரே இருந்த குழந்தை பிஸ்கட் கேட்டு அழுதது.

மறுநாள் சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசையில் டின்னைத் திறந்தார்கள்.

தலைவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் செய்து காட்ட முடியும். அந்தக் கொட்டை பெரிசு. ஒரு பக்கம் கோணல், ஒன்று போல இன்னொன்று இருக்காது. புளியங்கொட்டையைப் பரப்பி வைத்தது போல இருந்தது. அந்த ஜாதியே அப்படித்தான். அது தெரிந்தவர் அந்த மேசையில் ஒருவரும் இல்லை.

“என்ன இது? இத அனுப்பினா வெள்ளக்காரன் நம்மளப் பத்தி என்ன நெனைப்பான்?”

“என் தங்கச்சி நல்லாத்தான் பொறுக்கியிருக்கா...” என்று அப்பா இழுத்தார்.

“அது சரி லா. பொண்ணு பாக்க வர்றவன் முன்னாடி கிழிஞ்ச பாவாடையோடவா நிறுத்துவீங்க? மொதல்ல நல்லதக் காட்டணும். ஆர்டர் வந்தப்புறம் பாத்துக்கலாம்.”

அப்பா டின்னை மூடினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நாங்கள் வழக்கமாகத் தூள் வாங்கும் கடைக்குப் போய் மைசூரிலிருந்து வந்த வறுக்காத பச்சைக் கொட்டை வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். சின்னதாக, சீராக, அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. விரல் சின்னது என்பதால் அதிலும் அழகானவற்றைப் பொறுக்கும் வேலை எனக்கே வந்தது.

“அப்பா, இது அத்தையோடது இல்லியே?”

“காப்பின்னா காப்பிதான். பேசாம பொறுக்கு.”

இது மோசடி என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அது மரியாதை என்று நினைத்தார்கள். வெள்ளைக்காரன் முன்னால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவதுபோல. தவுக்கேயாவது அத்தையின் கொட்டையைக் கடித்துவிட்டுத்தான் ஏமாற்றினார். இவர்கள் நியாய விலை கேட்கப்போன சரக்கை லண்டனுக்குக் காட்டவே வெட்கப்பட்டார்கள். அத்தையின் கொட்டையை அம்மா வேலிக்கருகில் கொட்டிவிட்டு, டின்னில் முறுக்குப் போட்டு வைத்தார்.

அக்டோபரில் பதில் வந்தது. மிக உயர்ந்த தரம், தொடர்ந்து இதே தரத்தில் கிடைக்குமா, விலை இவ்வளவு என்று. தவுக்கே கொடுத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தலைவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோயில், கல்யாணம், கருமாதி ஒன்று விடாமல் போய் வாசித்துக் காட்டினார். அது மைசூர்க் கொட்டைக்கு வந்த பாராட்டு என்பதை அதற்குள் அவரே மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் விடுமுறையில் நான் அங்கே இருந்தபோது தவுக்கே வழக்கம்போல வந்தார். அத்தை மூட்டையைத் திறக்கவே இல்லை. “தா ஜுவால், தவுக்கே. விக்கிறதில்ல. நாங்க லண்டனுக்கு அனுப்பப் போறோம்” என்றார். ஆறு குடும்பமும் அதையே சொன்னது. தவுக்கே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். அன்றைக்கு அத்தை நடந்த நடையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மாமாவே தன் லோரியில் மூட்டைகளை ஏற்றிக் கிள்ளான் துறைமுகக் கிடங்குக்குக் கொண்டுபோனார். திரும்பும்போது அக்காவின் ஸ்கூல் பினாஃபோருக்கு நீலத் துணி வாங்கி வந்தார். துணியை அக்காவின் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

ஜனவரியில் அக்கா ஃபார்ம் ஃபோர் போனாள்.

கம்பெனியின் ஏஜண்டு கப்பலில் ஏற்றும் முன் மூட்டைகளைத் திறந்தார். லண்டன் அவருக்குச் சாம்பிளில் பாதியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு அனுப்பியிருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் கொட்டிப் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது? சரக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

தைப்பூசம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மோரிஸ் மைனர் மறுபடியும் அத்தை வீட்டுக்குப் போனது. பின் சீட்டில் நானும் இருந்தேன். ஆறு குடும்பமும் அதே தளத்தில் உட்கார்ந்திருந்தது. அக்கா வாசற்படியில் நின்றாள். தலைவர் குனிந்த தலையோடு வந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? கோபமாக வந்தார்.

“உங்களுக்காக நாங்க ராத்திரி பகலா ஒழைச்சோம். நீங்க நல்ல சாம்பிளக் காட்டிட்டு மூட்டையில மட்டமான கொட்டையக் கலந்துட்டீங்க. சங்கத்துப் பேரே போச்சு. இதுக்குத்தான் படிக்காதவங்களோட சேரக் கூடாதுன்னு சொல்றாங்க.”

அத்தைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து அப்பாவிடம் போனார்.

“அண்ணே, நான் டின்னுல குடுத்தத்தானே அனுப்புனீங்க?”

“பின்ன? அதுல என்ன சந்தேகம்?” என்றார் அப்பா. அவர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மற்ற ஐந்து குடும்பமும் அத்தையைப் பார்த்தது. சாம்பிள் கொடுத்தவர் அவர், சங்கத்தைக் கொண்டுவந்தவர் அவருடைய அண்ணன். அத்தை திரும்பி, காருக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் வந்தார். குனிந்து, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். கையில் காப்பித் தோலின் புளிச்ச வாடை அடித்தது.

“பாப்பா, நீதானே மடியில வெச்சுக் கொண்டு போன? உனக்குத் தெரியும்தானே? அந்த டின்னுல இருந்தத்தானே அனுப்புனாங்க?”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாது அத்தை” என்றேன்.

அப்பா அடிப்பார் என்ற பயத்தில் சொன்னேன் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே கதை விட்டுக்கொண்டிருந்தேன். அப்பா என்னை அடித்ததே இல்லை. நானும் பிரிக்ஃபீல்ட்ஸ்காரிதான். மேசையில் டின்னைத் திறந்தபோது, அந்தக் கோணல் கொட்டையைப் பார்த்து எனக்கும் கூச்சமாக இருந்தது. தலைவர் என் விரலைப் பாராட்டியபோது பெருமையாகவும் இருந்தது. அந்த மேசைப் பக்கம் உட்கார எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஏழு பேரைப் பற்றி எனக்கு இருக்கும் இளக்காரத்தில் என் பங்கையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

மூட்டைகள் கிடங்கில் கடல் காற்றில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து திரும்பி வந்தன. தவுக்கே கடித்தார். இந்தத் தடவை உண்மையிலேயே பல் இறங்கியது. அவர் ஈரம் என்றுகூடச் சொல்லவில்லை, பாதி விலை சொன்னார். கொடுத்தார்கள். பக்கத்துக் குடும்பங்கள் அத்தையோடு பேச்சை விட்டன. சங்கம் கலைந்தது. தலைவர் வேறொரு கமிட்டிக்குத் தலைவராகிவிட்டார்.

அக்கா பினாஃபோரை இரண்டு மாதம்கூடப் போடவில்லை. ஒருநாள் காலை ஆறு மணிக்கு ரோட்டு முனையில் நின்று சுங்கை வே பஸ் ஏறினாள். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை. இருபது வயதில் சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டாள். நான் ஃபார்ம் ஃபோர், ஃபைவ், சிக்ஸ் எல்லாம் முடித்து டீச்சரானேன்.

அத்தை அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். அண்ணனை அவர் விடவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி வந்தார், அப்பா படுத்துவிட்டபோது மூன்று மாதம் தங்கிப் பார்த்துக்கொண்டார். என்னிடமும் பாசம் குறைந்ததாகச் சொல்ல முடியாது. தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவார், என் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார். எதுவோ ஒன்று மாறியிருக்கிறது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. என் கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்கு அவர் வீட்டுக்குப் போனபோதுதான் பிடிபட்டது. அத்தை என்னிடம் எதையும் கேட்பதில்லை. அன்று தளத்தில் கேட்டதுதான் கடைசி. என் கணவரிடம் “சாப்பிட்டீங்களா?” என்றார். அக்காவிடம் “சாப்பிட்டியா?” என்றார். என்னைப் பார்த்ததும், “சாப்பிடு” என்று சொல்லி இலையைப் போட்டார்.